கம்பி மேலே, துணி கீழே

மலைத் தங்குமிடம்,
செப்டம்பர் 4

எனக்கு முன்னால் நடப்பவளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். விரிசல் விட்ட உன் கணுக்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கவலை. இங்கே போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை சாமான் ஏற்றி வரும் ஜீப்தான் தபாலும் கொண்டுவருகிறது. ஆகவே பொறுமையாகப் படி, பொறுமையாகத் திட்டு.

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் உன்னை விட்டுவிட்டு வீராப்பாக ஏறி வந்தேனா, சாயங்காலம் பையைப் பிரித்தால் கூடாரக் கம்பிகள் மட்டும் இருக்கின்றன. துணி உன் பையில். ஒன்பது வருஷமாகக் கம்பி எனக்கு, துணி உனக்கு என்று சுமந்த பழக்கத்தில், அவரவர் பங்கை அவரவர் தூக்கிக்கொண்டு பிரிந்திருக்கிறோம். கம்பிகளை நட்டு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். காற்றோட்டத்துக்குக் குறைவில்லை.

தங்குமிடக் காவல்காரருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு வீடா?" என்றார். ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார். துணியை அனுப்பாதே, நீ வரும்போது கொண்டு வா. அதுவரை பக்கத்துப் பாதைகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் உன் முதுகைப் பார்த்தே நடந்துவிட்டேன், மலையை இப்போதுதான் பார்க்கிறேன். பெரிதாகத்தான் இருக்கிறது.

உன் பின்னால் வருபவன்


மாடி அறை,
செப்டம்பர் 15

பின்னால் வருபவருக்கு அன்புடன்,

நான் சிரித்த சிரிப்பில், கண்ணாடி வாங்க வந்தவர் பயந்து எழுந்துவிட்டார். ஆமாம், கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறதல்லவா, அந்த முதலாளியம்மாவிடம் என் பழைய தொழிலைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே குட்டி ஸ்குரு டிரைவர் என் கைக்கு வந்துவிட்டது. காலை நீட்டிக்கொண்டு செய்கிற வேலை. கோணிய ஃபிரேமை நிமிர்த்தி ஒருவர் மூக்கில் வைக்கிறேன். அவர் தெருக்கோடிப் பெயர்ப்பலகையைத் தானாக வாசிக்கும்போது முகம் மாறுகிறதே, அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அறை சின்னது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பது வரை தெரிகிறது, அதனால் கூடாரத் துணியைத்தான் ஜன்னலுக்குக் கட்டியிருக்கிறேன். காலையில் சுவரெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம். உங்கள் தங்கை வந்து, "அண்ணி, முகத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, பொறாமைப்படுவாரு" என்றாள். சொல்லிவிட்டேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் நடக்கச் சொல்கிறார், கடைத்தெரு வரை போய் வருகிறேன். சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதீர்கள்.

முன்னால் நடப்பவள்


மலைத் தங்குமிடம்,
செப்டம்பர் 26

முன்னால் நடப்பவளுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று என்கிறாய், சந்தோஷம். எப்போது வருகிறாய் என்ற வரிதான் இல்லை. தாளின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

பனி விழுவதற்குள் பெரிய கணவாயைத் தாண்டியாக வேண்டும். போன வருஷம் மழையில் நனைந்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே திரும்பி வந்தோமே, அதே கணவாய். இந்த வருஷம் சேர்ந்து தாண்டுவதாக நீதான் சொன்னாய். வம்புக்கு இழுக்கவில்லை. வருகிறாயா, இல்லையா?

பின்னால் வருபவன்


மாடி அறை,
அக்டோபர் 5

அன்புள்ள உங்களுக்கு,

இதே ஜீப்பில் ஒரு பார்சல் வருகிறது. கூடாரத் துணிதான். மூலையில் இருந்த கிழிசலைத் தைத்திருக்கிறேன். துணியைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிடும். ஆனாலும் துணியைப் பேசவிட்டு நான் ஒளிந்துகொள்வது சரியில்லை.

நான் வரவில்லை. கால் வலி காரணமில்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. நடந்த வருஷங்களையெல்லாம் ஆசையாகத்தான் நடந்தேன், ஒரு நாளைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு காலையில் கண்விழித்தபோது, இன்றைக்கு எதையும் மூட்டை கட்ட வேண்டாம் என்று தோன்றியது. அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். அதை உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

அறையை ஒரு வருஷத்துக்குப் பேசிவிட்டேன். நாலு சுவருக்குள் உங்களுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். வாருங்கள் என்று கேட்டால் வந்துவிடுவீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

என்றும் அன்புடன்,
நான்


கணவாய்க்கு அந்தப் பக்கத்துத் தபாலாபீஸ்,
அக்டோபர் 24

அன்புள்ளவளே,

இரண்டு நாள் உன்மேல் பேசாத கோபம். நீ பக்கத்தில் இல்லாததால் காவல்காரரிடம்தான் பேசாமல் இருந்தேன், பாவம். மூன்றாம் நாள் பசித்தது. துணியைக் கட்டித் தனியாகப் படுத்தேன். இடம் தாராளமாக இருந்தும் நடுவில் படுக்கத் தெரியவில்லை, என் ஓரத்திலேயே கிடந்தேன்.

கணவாயைத் தாண்டிவிட்டேன். உச்சியில் நின்று, "பாத்தியா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "பாத்தேங்க" என்றார். நல்ல மனுஷர், தண்ணீர் கொடுத்தார்.

இனி அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதினால் அது பொய். முயன்று பார்த்து, உன்னிடம் எரிந்து விழுந்து, உன் அறையையும் கெடுத்துவிடுவேன். பனி மாதங்களுக்கு மட்டும் வரட்டுமா? என்னைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. பாதை திறந்ததும் கிளம்பிவிடுவேன். "இதுக்குப் பேரு குடும்பமா?" என்று என் தங்கை கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. உனக்குச் சம்மதமில்லை என்றால் சொல், மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். வைத்துக்கொள்வேன், ஆனால் காட்ட மாட்டேன். உன் பதில் வரும்வரை இங்கேயேதான் இருப்பேன்.

உன்னவன்


மாடி அறை,
நவம்பர் 2

என்னவருக்கு,

வாருங்கள். கட்டில் சின்னது, ஜன்னல் பக்கம் உங்களுக்கு. பக்கத்துக் கட்டிடத்து லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்று பல நாளாகிறது. முதலாளியம்மாவிடம் உங்களைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருக்கிறேன், மானத்தை வாங்கிவிடாதீர்கள். உங்கள் தங்கைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதை திறந்து நீங்கள் கிளம்பும் அன்று தடுக்க மாட்டேன். ஆனால் அழுவேன். அதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். பார்க்காத மாதிரியும் போய்விடாதீர்கள்.

உங்கள் மனைவி