வடக்கே தலைமாடு

ஆரையம்பதி

அன்பு மகள் மேனுகாவுக்கு, பிள்ளையார் துணையால் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். இங்கு நான் சுகம். வட்டையில் அறுவடை முடிந்தது, மழை கெடுக்கவில்லை. உன் தம்பி மதுரன் வந்து கூரைமேல் சாய்ந்த மாங்கொப்பை வெட்டிப்போட்டான், இனி காய் விழும் சத்தத்துக்கு நான் திடுக்கிடத் தேவையில்லை.

உன் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஞானமலர் வந்திருந்தார், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர். சோற்றில் கை வைக்காமல் ஒன்று சொன்னார். கடைசிக் கிழமை அம்மா படுக்காமல் குந்தியே இருந்தாரே, மூச்சு முட்டுகிறதென்று நாம் எல்லாரும் நினைத்தோமே, அது இல்லையாம். கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்ததாம். “இந்தக் கட்டில் வேணாம் பிள்ள” என்று அம்மா சொல்ல, “வேற கட்டில் இல்லையே அம்மா” என்று நேர்ஸ் பிள்ளையும் அன்பாகத்தான் சொன்னாளாம். ஞானமலர் மட்டும்தான் ஏன் என்று கேட்டிருக்கிறார், அதுவும் கடைசி நாளில். வடக்கே தலை வைத்தால் சாவு என்பது அம்மாவின் நம்பிக்கை, அந்தச் சாவை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று எனக்குக்கூடச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார். சின்ன வயதில் உன்னை எத்தனை தரம் எழுப்பித் திருப்பிப் படுக்க வைத்தவர். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்ற எவ்வளவு நேரம், மகள். அதைக் கேட்ட நாள் தொட்டு மத்தியானம் கண்ணயர்ந்தாலும் அம்மாவின் கட்டில் கிறீச்சிடுகிறது, எழும்பிக் குந்துகிறார். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

ஞானமலரின் மகள் நிலானி டவுனில் நேர்ஸ்மாருக்குப் படிப்பிக்கிறாள். நோயாளியோடு பேசப் பழக்குகிறோம், நீங்களே வந்து இதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். மனமில்லாமல்தான் போனேன். போனால் பின்வரிசை வாங்கில் அதே நேர்ஸ் பிள்ளை. நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். நடந்ததை மட்டும் சொன்னேன். “பதில் சொல்ல முந்தாதீங்க, ஏன் எண்டு கேட்டுட்டுப் பொறுத்திருங்க” என்றாள் நிலானி.

முடிந்ததும் அந்தப் பிள்ளை வந்து கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தாள். “ஐயா, நித்திர கொள்ளுறீங்களா?” என்று கேட்டாள். ஓம், நல்லா என்றேன். அவள் எழும்பவில்லை, பேசவுமில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு கட்டில் சத்தத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். வேறு ஒருவரிடமும் அதை நான் சொன்னதில்லை.

பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடு, குளிரில் வெறுங்காலோடு விடாதே. எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். ஞாயிறுகளில் போன் எடுத்துச் சுகமா என்கிறாய், சுகம் என்கிறேன், வைத்துவிடுகிறாய். இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலும் பழக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். இனிமேல் நான் சுகம் என்றதும் வைத்துவிடாதே, மகள், கொஞ்சம் பொறுத்திரு.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
வினாயகமூர்த்தி