கால் நீட்ட இடம்

ரெட்டியார்சத்திரம்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், மதினி கீர்த்தனா, அவர்கள் பாப்பா, கிணற்றடி வேம்பில் குடியேறியிருக்கும் மயில் உட்பட எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் கருப்பசாமி காவல் இருக்கட்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உன் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். சித்திரையில் நீ கேட்டாயே, "பிரசவத்துக்கு நீங்க வாங்கப்பா"ன்னு, அன்றைக்கும் அப்படித்தான், நான் வந்துவிட்டால் இங்கே தோட்டத்தில் பூ யார் எடுப்பது என்று சொல்லிப் போனை நகர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நாங்கள் டூர் போய் வந்த கதையைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, அதனால் பொறுமையாகப் படி, உட்கார்ந்து படி, உன் வழக்கப்படி நின்றுகொண்டே படிக்காதே.

நீ கேட்டதில் தப்பே இல்லை. உன் அம்மா கண்ணம்மாள் இருந்திருந்தால் நீ கேட்கவே வேண்டியிருக்காது, சேதி தெரிந்த அன்றே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருப்பாள். உன் மாமியாரோ இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார், பாவம், அவரை என்ன சொல்ல. என் அக்கா சிவனம்மாளைக் கேட்டுப் பார்த்தேன், ஏரோப்பிளேன் என்றதுமே உன் அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். அப்போது நான் வேண்டுமானால் போகட்டுமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "பிள்ளை பெத்த வீட்டுல ஆம்பளைக்கு என்னடா சோலி, வாசல்ல உக்காந்து காவல் காக்கப் போறியா?" என்றாள். தலைப்பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், தாய் இல்லாத வீட்டில் அது யார் தலையில் விழும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பூ எல்லாம் வெறும் சாக்குதான். பச்சைப் பிள்ளையைத் தூக்கவே தெரியாத நான் அங்கே வந்து உனக்கு இன்னொரு பிள்ளையாக, பாரமாக இருந்துவிடுவேனோ என்று பயம்.

இப்படி நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு உன் அண்ணன் முகேஷ் ஒரு திட்டம் போட்டான். கம்பெனியில் லீவு சொல்லி, காரில் எல்லோருமாக மலையாளத்துப் பக்கம் போவது, வழியில் கிராமத்து வீடுகளில் தங்குவது, காயலில் தீவு தீவாகப் படகில் சுற்றுவது. நம் வீட்டுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உனக்குத் தெரியும். மல்லிகைக்கு ஞாயிறும் தெரியாது, திருவிழாவும் தெரியாது, விடியுமுன் மொட்டெடுத்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் உண்டு, அதனால் கல்யாண வீடுகளில்கூட நான் ராத்தங்கியதில்லை. தோட்டத்தை அத்தை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள், எனக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை. வத்தலகுண்டு தாண்டுவதற்குள் நான் அவளுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டேன், தேனி வந்ததும் உன் அண்ணன் என் போனைப் பிடுங்கிக் கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டான். குமுளிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்து வீட்டில் முதல் ராத்திரி. கம்பளி கொடுத்தார்கள், கட்டன் சாயா என்று பாலில்லாத டீ கொடுத்தார்கள், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது. பாப்பா அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, அவள் கொடைக்கானலைக்கூடக் கொடைரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தவள்தானே, ஏறியதில்லை.

மறுநாள் கீழே இறங்கிக் காயலுக்குப் போனோம். மதி, அங்கே இருக்கிற தண்ணீரைப் பார்த்தால் நம் ஊர்க்காரனுக்கு வயிறு எரியும். வாசலுக்கு வாசல் ஒரு தோணி, அடுத்த வீட்டில் மோர் வாங்கவும் தோணி, வாத்துக் கூட்டத்தை மேய்க்கிறவரும் தோணியில் உட்கார்ந்தே மேய்க்கிறார். இதில் ஒரு ஓரத்தை நம் கிணற்றுக்குத் திருப்பிவிட வழி உண்டா என்று படகுக்காரரிடம் கேட்டேன், கோடையில் இது உப்பாக இருக்கும் என்றார், அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. சாயங்காலம் ஒரு சின்னத் தீவில் இறக்கிவிட்டார்கள். தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு, அதை நடத்துவது பாஸிலா என்கிற பெண், நாற்பது வயதிருக்கும், புருஷன் கப்பலில் வேலை, பிள்ளைகள் கிடையாது. அரைத் தமிழ் பேசுவாள். மீன் குழம்பு வைத்து, சிவப்பரிசிச் சோறு போட்டு, உன் மதினி சாப்பிடும் வரை பாப்பாவைத் தன் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

அந்த வீட்டில்தான் நான் மானத்தை வாங்கிக்கொண்டேன். எங்கே தூங்கினாலும் எனக்கு விழிப்பு வருகிற நேரம் ஒன்றுதானே, கீழ்வானம் வெளுப்பதற்குள் எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே வரிசையாகத் தொட்டிகளில் குட்டை மல்லிச் செடி, ஒவ்வொன்றிலும் மொட்டு முற்றி நிற்கிறது, அன்றைக்கு எடுக்காவிட்டால் ராத்திரி மலர்ந்து வீணாகிவிடும். யாரோ சோம்பேறி எடுக்காமல் போட்டிருக்கிறார் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை, கை தானாகப் போய்விட்டது. வேட்டி மடி நிறைய எடுத்து, கடைசித் தொட்டியையும் முடித்து நிமிர்ந்தால் பின்வாசலில் பாஸிலா நிற்கிறாள். அப்போதுதான் இது நம் தோட்டம் இல்லை என்று உறைத்தது. அந்தப் பூவை அவர்கள் பறிப்பதே இல்லையாம், தங்க வருகிறவர்களுக்கு ராத்திரியில் மணக்கட்டும் என்றுதான் வளர்க்கிறாளாம். உன் அண்ணன் எழுந்து வந்து தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் மொட்டை இழந்த செடிகளையே பார்த்தாள், எனக்கு ஓடி ஒளியலாம் போல இருந்தது, அப்புறம் சிரித்துவிட்டாள். இனி கட்டியாவது கொடுங்கள் என்றாள். எனக்கு எடுக்கத்தான் தெரியும், கட்டுகிறது என் வீட்டுக்காரி, அவள் இப்போது இல்லை என்றேன். தன் மடியை விரித்து வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று காலை இன்னொரு தீவைப் பார்க்கப் படகில் போய் வந்ததில் கீர்த்தனாவுக்குத் தலை சுற்றி வாந்தி, கரைக்குத் திரும்புவதற்குள் துவண்டுவிட்டாள். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். வெயிலும் படகு ஆட்டமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். உன் அண்ணன் அவளை அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பால் புட்டியோடு பாப்பா என்னிடம். படகு கண்ணுக்கு மறைந்ததும் அந்த மகராசிக்கு வயிற்றால் போய்விட்டது, கழுத்து வரைக்கும் அப்பிக்கொண்டு, வெயிலில் கசகசத்து, தீவே அதிரும்படி அழுகை. துடைத்துப் பார்த்தேன், அழுகை கூடியது. பாஸிலாவிடம் நீட்டினேன். தோளில் போட்டுக்கொள்வேன், குளிப்பாட்ட எனக்குத் தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். அவள் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பூ நசுங்காம எடுத்த கை இல்லே, குட்டியும் நசுங்காது. நிங்க பிடிங்க" என்றாள். பூ உதைக்காது அம்மா என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, ஆனால் பாப்பா அழுத அழுகையில் பேச நேரமில்லை.

கிணற்றடியில் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினேன். நீட்டியதும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது, மதி. உன்னையும் உன் அண்ணனையும் உன் அம்மா குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னுடையது, அதிலும் சூடாக ஊற்றிவிட்டேன், மூக்கில் ஊற்றிவிட்டேன் என்று தினமும் வசவு வாங்குவேன். வசவு வாங்கிக்கொண்டே அவ்வளவையும் பார்த்திருக்கிறேன். முதலில் குப்புறப் போட வேண்டும், கன்னம் கால் எலும்பில் இடிக்காமல் பார்க்க வேண்டும், முதல் தண்ணீர் முதுகில், தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை மறைப்பாக வைக்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும், குரல் நின்றால் பிள்ளை பயந்துவிடும். பாஸிலா ஊற்றினாள், மெல்ல, மெல்ல என்று நான் அவளை அதட்டினேன். உன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் நான், நான் நின்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண். திருப்பிப் போட்டதும் பாப்பா அழுகையை நிறுத்தி என் மீசையைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். பாஸிலா பார்க்காதது போலத் தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள். துவட்டித் தோளில் போட்டதும் குழந்தை தூங்கிவிட்டது, அவர்கள் திரும்பி வரும் வரை இறக்கவே இல்லை, கை மரத்துப்போனது. கீர்த்தனா தெளிந்து வந்தாள். பாஸிலா காலைப் பூவைச் சரமாகக் கட்டி வைத்திருந்தாள், அதை உன் மதினி தலையில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு மல்லித் தொட்டியைக் காரில் ஏற்றிவிட்டாள். இப்போது அது நம் வீட்டு வாசலில் இருக்கிறது, அதில் மட்டும் நான் மொட்டெடுப்பதில்லை.

ஊர் திரும்பினால் தோட்டம் தோட்டமாகத்தான் இருக்கிறது. அத்தை ஆள் வைத்து ஒரு நாள் தவறாமல் பூ அனுப்பியிருக்கிறாள், நான் இல்லாமல் ஒரு செடியும் வாடவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. வந்த மறுநாள் அவள் பாப்பாவைக் குளிப்பாட்டக் காலை நீட்டினாள், நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். இருந்தாலும் எழுந்து இடம் விட்டாள். அன்றிலிருந்து தினமும் நான்தான். அவள் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டே ஊற்றுகிறாள், காதை மூடு, கழுத்தைத் தாங்கு என்று ஓயமாட்டாள். நேற்று மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. துவட்டி முடித்ததும், "போடா, அங்க போய் எம்புள்ள மதியப் பாத்துக்க" என்றாள். பத்தியச் சமையல் கீர்த்தனா பழக்கிவிடுகிறாள், பூண்டுக் குழம்பு எனக்கு வந்துவிட்டது, கருவாடு இன்னும் கொஞ்சம் கருகுகிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, விசாரிக்கப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்ததில் நான் என்ன செய்தேனோ என்று தெருவே கூடிவிட்டது. விசா கொடுப்பது அவர்கள் பாடு, வருகிறேன் என்று சொல்வது என் பாடு. ஐப்பசிக்கு நான் வருகிறேன், ஆத்தா. நீ கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டியது, இவ்வளவு ஊர் சுற்றி வந்து சொல்கிறேன்.

நாகல் நகரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் கையூம் பாயின் மகன் ஹஸ்ஸான் உங்கள் ஊரில்தான் படிக்கிறானாம், லீவு முடிந்து திரும்புகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கிற பொட்டலத்தில் சுக்கு, திப்பிலி எல்லாம் பாய் தன் கையால் இடித்தது, பிரசவத்துக்குப் பிறகுதான், இப்போது ஆசைக்குக்கூட வாயில் போடாதே. குளிரில் செருப்பில்லாமல் நடக்காதே. ராத்திரி இடப்பக்கம் சாய்ந்து படு. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே, கோபத்தை எனக்காக எடுத்து வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். நீயும் உன் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து, ஒரு சேதாரமும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் அம்மா எங்கே இருந்தாலும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருப்பாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்கள் வீட்டுக் குளியலறையில் நான் சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு காலையும் முழுசாக நீட்டி உட்கார இடம் இருக்கிறதா என்று மாப்பிள்ளையை அளந்து பார்க்கச் சொல். இல்லையென்றால் வேறு இடம் பார்த்து வைப்போம். தண்ணீர் ஊற்ற அவர் இப்போதே பழகிக்கொள்ளட்டும், வசவு வாங்கவும்.

உன் பிள்ளையைக் குளிப்பாட்ட வரும்
அப்பா,
ஒச்சப்பன்.