சுருட்டு முனிக்கு ஒரு சீட்டு

அருப்புக்கோட்டை,
சித்திரை 19.

அன்புள்ள அனுசியாவுக்கு, அருஞ்சுனை எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. எல்லோரும் என்றால் இப்போது நானும் மாடித் தண்ணீர்த் தொட்டியும். தொட்டி கசிகிறது. நான் நலம். நீயும் மகள் சத்யபிரியாவும் மாப்பிள்ளை ஹரியும் பேத்திகளும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

வாரந்தோறும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனைப் பிடிப்பது சின்னப் பேத்தி. நீ போன இந்த இரண்டே முக்கால் வருடத்தில் உன் முகத்தைவிட உங்கள் வீட்டுக் கூரையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல கூரை. விரிசல் இல்லை. ஆனால் அதனிடம் எல்லாவற்றையும் சொல்ல வாய் வரவில்லை. பாலவனத்தம் நாகராஜின் மகன் புதன்கிழமை அங்கே புறப்படுகிறான். அவனிடம் கொடுக்கும் பருப்புப் பொடிப் பொட்டலத்துக்கு அடியில் இதை வைத்திருக்கிறேன். பொட்டலத்தை நீதான் பிரிப்பாய் என்ற நம்பிக்கை.

இரும்புக் கடையை மொபைல் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டபோது, இனி பொழுது எப்படிப் போகும் என்று கவலைப்பட்டாய். அந்தக் கவலை வேண்டாம். ஆளில்லாத கட்டடங்களுக்குப் போய்வருகிறேன்.

ஐப்பசியில் பட்டா விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வழியில் பஸ் பஞ்சர். இறங்கி நின்ற இடத்துக்கு எதிரே ஒரு வீடு. வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சுவர்கள் விழுந்து, நிலையும் கதவும் மட்டும் நின்றன. கதவில் பூட்டு. நம் கடைப் பூட்டு. நாற்பது வருடம் விற்றவனுக்குத் தெரியாதா? கதவுக்கு இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் பூட்டு யாரையும் உள்ளே விடாமல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. பெருமையாக இருந்தது. சுவர் இருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். டயர் மாற்றி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே இருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. நம் வீட்டில் அது நன்றாகத் தெரியும்.

அன்று பிடித்த பைத்தியம். ஆட்கள் இருக்கும்வரை ஒரு வீட்டை நாம் பார்ப்பதே இல்லை. அவர்கள் முன்னால் நின்று மறைத்துக்கொண்டு, வாங்க, காப்பி சாப்பிடுங்க என்கிறார்கள். போன பிறகுதான் வீடு பேசுகிறது. எந்த மூலையில் உலை வைத்தார்கள், எந்தப் பிள்ளைக்குச் சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்தார்கள், எந்த ஜன்னலருகே நின்று யாரோ வெகுகாலம் எதையோ எதிர்பார்த்தார்கள் என்று எல்லாம் தெரிகிறது. அந்த ஜன்னல் கம்பியில் மட்டும் துரு இருக்காது. கை தேய்த்த பளபளப்பு இருக்கும்.

காரியாபட்டி சாலையில் வழக்கு விழுந்து மூடிய ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. பந்திக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டேன். என் அறுபத்தேழு வயதில் முதன்முறையாக, எப்போது எழுவான் என்று நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்காத பந்தி. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

இன்னொன்றும் கண்டுகொண்டேன். வீட்டை விட்டுப் போகிறவர்கள் அம்மியை விட்டுவிடுகிறார்கள், கட்டிலை விட்டுவிடுகிறார்கள், பெற்றவர்களின் போட்டோவைக்கூட விட்டுவிடுகிறார்கள். சாமி படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். ஆணி சுவரிலேயே நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். சாமி படம் போன வீட்டுக்கு ஆட்கள் திரும்பியதில்லை.

இனி வருவதை உட்கார்ந்து படி. திருச்சுழி சாலையில் கருவேலங்காட்டுக்குள் மூடிக்கிடக்கும் பழைய பஞ்சு ஜின்னிங் பேக்டரி உனக்கு நினைவிருக்கும். அதன் ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலி இன்னும் உயிரோடிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை பஸ்ஸில் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு சுருட்டும் பிடிப்பேன். உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தது மறக்கவில்லை. வீட்டில் பிடிக்கமாட்டேன் என்றுதான் செய்தேன். வீட்டில் பிடிப்பதில்லை.

ஆள் இல்லாத கட்டடத்திலிருந்து சுருட்டு மணம் வந்தால் நம் பக்கத்து ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். தை மாதத்தில் ஒருநாள் ஜன்னல் திட்டில் புதுச் சுருட்டு ஒன்று இருந்தது. யாரோ நல்ல மனுஷன் என்று அதையும் பிடித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. அடுத்த வாரம் இரண்டு சுருட்டு, எலுமிச்சம்பழம், ஒரு குவார்ட்டர். குவார்ட்டரை நான் தொடவில்லை. பிறகு போனபோது அதுவும் காலி. ஆடு மேய்க்கிற வீரபாண்டி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பழி என்னவோ தெய்வத்தின் மேல்.

அந்த வீரபாண்டியே டீக்கடையில் என்னிடம் சொன்னான்: அண்ணாச்சி, நம்ம பேக்டரில முனி எறங்கியிருக்காரு, தெரியும்லா, வெள்ள வேட்டி, எட்டடி ஒசரம், மீச இந்தா இம்புட்டு, வச்ச சுருட்ட வச்ச அன்னைக்கே குடிச்சிருக்காரு என்று. நீ பார்த்தாயா என்று கேட்டேன். பாக்காமலா சொல்லுதேன், ஒங்கள இப்பப் பாக்குற மாதிரி பாத்தேன் என்றான். என் உயரமும் மீசையும் உனக்குத் தெரியும். அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சுருட்டு விஷயம் உன் காதுக்கு வரும். அருப்புக்கோட்டையிலிருந்து கனடாவுக்குச் செய்தி போக பஸ் மாற வேண்டியதில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் உள்ளே இருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். முருகேஸ்வரி என்று பெயர், தானே சொல்லிக்கொண்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் முனியிடம் பேசினாள். ஏய்யா, நீரு சுருட்டு குடிக்கிற ஆளு, ஒமக்குப் பூசை பொங்கலெல்லாம் வேண்டாம், ஆனா மனசு தெரியும்லா, எம் மக முனீஸ்வரி திருப்பூரு போயி மூணு வருசமாச்சு, போனப் போட்டா வாரேன் வாரேன்ங்கா, வாரதுக்குத்தான் வழியக் காணும், அவ ஒண்ணும் கொண்டாற வேண்டாம், மூஞ்சியக் காட்டிட்டுப் போகச் சொல்லும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுல பேச ஆளு இல்லய்யா, டிவிகூட எவ்வளவு நேரந்தான் சண்ட போட என்றாள்.

அனுசியா, நான் இருமிவிட்டேன். சுருட்டுப் புகை என்றே வைத்துக்கொள். உத்தரவு கிடைத்துவிட்டது என்று அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

பங்குனிப் பொங்கலுக்கு அவள் மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் லீவு விட்டிருந்தார்களாம். முனிக்கு ஏற்றுமதித் தொழிலிலும் கை இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஜன்னலுக்கு மணி, சுவருக்குக் காவிப்பட்டை, சுருட்டு முனீஸ்வரர் என்று போர்டு. வீரபாண்டி பூசாரி. ஆடுகளை யார் மேய்க்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டு வாரம் முன்பு வாசலுக்குக் கிரில் கேட் போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டிவிட்டார்கள். முனி அப்போது வெளியில் இருந்தார். உள்ளே போக அவருக்கு இனி வழியில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை போன ஞாயிறு, அத்தை இன்னும் ரெண்டு வருஷம் இருக்க விண்ணப்பம் போடலாம் மாமா, இந்த மாசக் கடைசிக்குள்ள போடணும், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். தங்கமான பையன். அவளுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்றேன். அத்தையும் இதையேதான் சொன்னாங்க, மாமாவுக்குச் சம்மதம்னா எனக்கும்னு என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரம் போனில் கூரைதான் தெரிந்தது. நீ சிரித்தாயா என்று பார்க்க முடியவில்லை.

மறுநாள் பேக்டரிக்குப் போனேன். ஜன்னல் கம்பி முழுக்க, வேண்டுதலை எழுதி நூலில் கட்டிய சீட்டுகள். வீரபாண்டி என் நெற்றியில் திருநீறு அப்பி, அண்ணாச்சி, சும்மா வேடிக்கை பாத்துட்டுப் போகப்படாது, ஒங்களுக்கும் ஒரு கொறை இருக்கும்லா, எழுதிக் கட்டுங்க, இவரு கேக்காத கொறையில்ல என்றான். அவர் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். கேட்பதைத் தவிர வேறெதுவும் அவரால் முடியாது என்பதும் தெரியும். நீ சீரகத்தை எந்த டப்பாவில் வைத்தாய் என்பதைக்கூட இரண்டே முக்கால் வருடமாகக் கண்டுபிடிக்க முடியாதவர் அந்த முனி.

ஆனாலும் சீட்டு வாங்கினேன். முருகேஸ்வரி கேட்டதையே எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். கட்டிவிட்டுத் திரும்பும்போது கவனித்தேன், கை வெகுநேரம் அந்தக் கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தது.

நீ அங்கே இருப்பது அவசியம் என்று எனக்குத் தெரியும். சத்யா வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் சின்னவர்கள். விண்ணப்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்மதம் என்று சொன்னது பொய் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உன்னுடையது எப்படி என்று எழுது.

போகும்போது பூஜை அறையிலிருந்து சின்ன முருகன் படத்தை எடுத்துப் போனாய், ஆறே மாதம்தானே என்று. அந்த ஆணியில் நான் எதையும் மாட்டவில்லை. காலண்டர் மாட்ட இடமில்லாமல் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

பேத்திகளுக்கு என் ஆசி. எல்லோரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள். வரும்போது அந்தப் படத்தைக் கொண்டு வா. ஆணி கெட்டியாகத்தான் நிற்கிறது. நம் கடை ஆணி.

இப்படிக்கு,
உன்
அருஞ்சுனை