அப்பாவின் கடைவாய்ப் பல்

ஆரையம்பதி
18.11.1991

அன்பு மகன் வினாயகமூர்த்திக்கு,

கண்ணகை அம்மன் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகமா என்று கேட்டால் அதை உன் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். நீயும் அந்தக் கட்டார் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ ஆளிடம் கொடுத்துவிட்ட பொதி தீபாவளிக்கு முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு பை நிறைய டொபி, அதற்கு மேலே உன் கடிதம், கடிதம் முழுக்கப் பல்லைப் பாதுகாப்பது எப்படி என்று புத்திமதி. பண்டிகை நாளில் இனிப்பைக் கண்டபடி தின்னக்கூடாதாம், தின்றால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டுமாம், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பல் டாக்குத்தரிடம் போய்க் காட்ட வேண்டுமாம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையை அங்கே போய் நன்றாகத்தான் படித்திருக்கிறாய் மனே. இங்கே பல் டாக்குத்தரிடம் போவதென்றால் முதலில் கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரனிடம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அவன் பார்க்கிற பார்வையில் பல்லுக்குள் இருக்கிற பூச்சியே செத்துப்போகும், அதனால் நாங்கள் அடிக்கடி போவதில்லை. லீவு கிடைக்கும், பொங்கலுக்கு வரட்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. உன் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க, ஓமோம், பொடியன் சரியாத்தான் எழுதியிருக்கான் என்று சொல்லிக்கொண்டே டொபியை ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டார். அடுப்படியில் வெந்து அரியதரமும் முறுக்கும் சுட்டு வைத்திருக்கிறேனே, அது யாருக்கு என்று கேட்டேன். அது எப்பயும் கிடைக்கும், இது மகன்ட டொபி என்றார். மகன்ட டொபி தீபாவளி கழிந்த கையோடு கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டது. கன்னம் பணியாரம் போல வீங்கியது. கராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. வீங்கின முகத்தில் காற்றுப் படக்கூடாது என்று நம்மட ஆட்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறதே, அதன்படி பெரிய துவாயை எடுத்து உச்சியிலிருந்து தாடை வரைக்கும் சுற்றி இறுக்கிக் கட்டியாயிற்று, கண் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. வலி எழும்புகிற நேரமெல்லாம் மனுசன் குந்தியிருந்து தலையை மேலும் கீழும் ஆட்டுவார், ஆட்டினால் வலி இறங்குமாம், எந்தப் பெரிய டாக்குத்தர் சொல்லிக்கொடுத்தாரோ தெரியாது.

அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் விடியக்காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று. சுற்றிவளைப்பு. நீ போன பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. முகத்தை மூடி ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள், சனத்தை வரிசையாக அவன் முன்னால் நடத்துவார்கள், அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார்கள், தலையாட்டி என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். துவாயைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்ற புத்தி இந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. பல்லு வலித்தால் உன் அப்பாவுக்கு உலகத்தில் வேறொன்றும் நடப்பதில்லை. மைதானத்தில் ஊரே தூறலில் நனைந்துகொண்டு நிற்க, ஈரம் பட்டால் வீக்கம் கூடும் என்று இந்தத் துரை மட்டும் ஆமி ஜீப்புக்குப் பக்கத்தில் போய் ஒதுங்கிக் குந்திவிட்டார்.

அன்றைய தலையாட்டியை இன்னும் கொண்டுவந்து இருத்தவில்லை, அந்த நேரம் பார்த்து வேறு ஆமிக் காம்பிலிருந்து ஒரு புது அதிகாரி வந்து இறங்கினாராம். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பின் ஓரத்தில் ஒரு ஆள் இருந்தால் அவர் என்னவென்று நினைப்பார். வரிசையைத் திருப்பி அப்பாவின் முன்னால் விட்டார். சனம் பயத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்ததாம், ஒரே கடையில் கூட இருந்து தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கும் இவரை அடையாளம் தெரியவில்லை. இவரோ பல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தபடி இருந்திருக்கிறார். பக்கத்து வளவுச் சின்னத்தங்கத்தின் மகன் இராசதுரை, உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், அவன் முன்னால் வரும்போது வலி எழும்பியது. இவர் ஆட்டினார். அவனை இழுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மனுசனுக்கு விளங்கியது. துவாயைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாயைத் திறந்து காட்டி, தத் மாத்தயா, தத் என்று கத்தினாராம். சிங்களத்தில் பல்லுக்குத் தத் என்பார்கள், அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் அவருக்கு வரவில்லை. டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்களாம், நீ எழுதின ஆறு மாதப் பரிசோதனை அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஆனால் பிடித்தவனை விசாரிக்காமல் விடமாட்டோம் என்று காம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் இராசதுரை நடந்து வந்தான். முன் பல்லு இரண்டும் இல்லை. சின்னத்தங்கம் படலையில் வந்து நின்று, அண்ணன் வேணுமெண்டா செஞ்சவர்? என்ட புள்ள உயிரோட வந்துட்டான், அது போதும் கா என்று சொல்லிவிட்டுப் போனாள். மண்ணள்ளித் தூற்றிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அப்பாவின் பல்லைப் பிறகு ஆஸ்பத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். வலி போய்விட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் மனுசன் தலை ஆட்டுவதை விட்டுவிட்டார் மனே. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் வாயைத் திறந்து ஓம் என்கிறார், கழுத்து அசையாது. ரோட்டில் ஆட்கள் சுகம் கேட்டாலும் அப்படியே நட்ட கட்டை மாதிரி நிற்கிறார்.

பொங்கலுக்கு நீ வரட்டுமா என்று அவரிடமும் கேட்டேன். ஆசை இல்லாத மனுசனா. கேட்டதும் எழும்பி வளவுக்குள் போய்விட்டார். அதனால் நான் சொல்கிறேன். வராதே. உன்னைக் காண எனக்குக் கண் துடிக்கிறது, என்றாலும் வராதே. பண்டிகைக் காலத்தில் பிள்ளையின் பல்லைப் பாதுகாக்க இந்த ஊரில் ஒரு தாய்க்குத் தெரிந்த வழி இதுதான்.

அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு நேரமும் பல்லைத் தீட்டு, டொபி அனுப்பாதே. லீவை அங்கேயே படுத்துக் கழித்துவிடு, படம் ஒன்று எடுத்து அனுப்பு. வாயை மூடிக்கொண்டு நிற்காமல் நல்லாச் சிரித்துக்கொண்டு எடு, எல்லாப் பல்லும் இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்க்க வேணும்.

உன்னை வராதே என்று எழுதுகிற உன் அம்மா,
அ. சீதேவிப்பிள்ளை