கருமூக்கில் நாற்பது மீன்

சோல்கா கிராமம், வெள்ளைக் கடல் கரை
ஜூலை 9, 1911

அன்பு மகள் பெலகேயாவுக்கு,

உன் சித்தப்பா நிக்கந்தர் தரையில் நெற்றி படும்படி குனிந்து வணக்கம் சொல்லி எழுதுவது. குனிந்து என்று எழுதினேனே தவிர, முதுகு பிடித்துக்கொண்டு நான்கு நாளாக ஒரு மீன்பெட்டியின் மேல் கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். குனிந்ததாக வைத்துக்கொள். மருமகன் கொந்த்ராத்துக்கும் என் வணக்கம். பேத்தி அன்ஃபீசாவுக்கு வணக்கம் கிடையாது, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு கிள்ளு. பிழை இருந்தால் பழியை நம் தேவாலயத்து டீக்கன் மேல் போடு. அவரிடம் இரண்டு குளிர்காலம் படித்தேன், அதில் ஒன்று முழுக்க என்னை விறகு பிளக்கத்தான் வைத்திருந்தார்.

ஊர்ச் செய்தி. இந்த வருஷம் பனிக்கட்டி கரையை விட்டுப் போக மனசில்லாமல் ஜூன் வரைக்கும் உட்கார்ந்திருந்தது, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. ஊர்த்தலைவர் தெரெந்தியின் ஆட்டுக்கடா தேவாலயத்துக்குள் புகுந்து மெழுகுவர்த்திகளைத் தின்றுவிட்டது. யாகோவ் பாதிரியார் அதன் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "சாமி, ஊர்ல ஒழுங்கா பூசைக்கு வர்றது அது ஒண்ணுதான், அதையும் விரட்டுறீங்களே"ன்னு கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு ஃபெதோஸ்யாவுக்கு உங்கள் வீட்டுப் பசு கிடைத்தது. விலைக்கு இல்லை, சும்மா. அதை அப்புறம் சொல்கிறேன்.

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீயும் அவளும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. மரம் அறுக்கிறவனைக் கட்டிக்கொண்டால் இந்த வாசலை மிதிக்காதே என்று அவள் சொன்னதும், நீ செத்தால்கூட வரமாட்டேன் என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். நடுவில் நின்று இரண்டு காதாலும் கேட்டவன் நான். அப்போதுகூட ஏதோ வேடிக்கை சொன்னேன் என்று நினைவு. இருவருமே சிரிக்கவில்லை. என் அண்ணி உஸ்தீன்யா இருபத்துமூன்று வருஷத்தில் என் ஒரு பேச்சுக்கும் சிரித்தவள் இல்லை. "வாய் மூடினா செத்துப் போயிடுவியா?" என்பாள், சமோவார் கொதிகலத்திலிருந்து வெந்நீர் பிடித்துக்கொண்டே.

இப்போது சிரிக்கிறாள் மகளே. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறாள். அதைப் பார்த்துத்தான் பென்சிலை எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா அவெர்க்கி கருமூக்கில் கடலோடு போன அடுத்த வாரமும் வலை தண்ணீரில்தான் இருந்தது. போன வருஷம் கருமூக்குப் பாறை நம் வீட்டுக்குச் சீட்டில் விழுந்த இடம். இலையுதிர்காலத்துச் சால்மன் வரும் நேரம், வலையை விட்டுவிட்டு அழ முடியாது. அதனால் அண்ணியும் நானும் கருமூக்குக் குடிலிலேயே தங்கிக் கூண்டு வலையைத் தூக்கிக்கொண்டிருந்தோம். இறந்தவருக்கு நினைவுப் பூசை வைக்கும் ஒன்பதாம் நாள் காலையில் வலையில் ஒன்பது மீன். நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? "பாத்தியா அண்ணி, அண்ணன் கணக்குல தப்பமாட்டான். நாப்பதாம் நாளைக்கு நாப்பது அனுப்புவான், பெரிய பானையைத் தேச்சு வை" என்றேன். அவள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாளே, கொஞ்சம் திட்டட்டும், திட்டினால் சாப்பிடுவாள் என்று சொன்னது. திட்டவில்லை. என்னையே பார்த்தாள்.

இருபதாம் நாள் பதினொன்று வந்தது. அதை இன்றைக்கு ஊரில் ஒருத்தரும் சொல்வதில்லை. நான் எடுத்துச் சொன்னால் காது கேட்காத மாதிரி எழுந்து போகிறார்கள்.

நாற்பதாம் நாளுக்கு முன்னால் பத்து நாளாக மீனே இல்லை. கரையோரம் பனிக்கூழ் கட்டத் தொடங்கிவிட்டது. நாற்பதாம் நாளன்று குளிர்காலத்துக்கு வலையைக் கழற்றி எடுத்து வரத்தான் போனோம். தூக்கினால் கூண்டு கனக்கிறது. படகில் கொட்டி எண்ணினேன், நாற்பது. மறுபடி எண்ணினேன். கரைக்கு வந்து பாதிரியாரை எண்ணச் சொன்னேன். அவரும் நாற்பது என்றார். ஒன்று மட்டும் உள்ளங்கை அகலம்தான். "சாமி, அதைப் பாதின்னு வைங்க, முப்பத்தொன்பதரை"ன்னு சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கோதுமையும் தேனும் கலந்த நினைவுச் சோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள், மீனை ஒருத்தர் தொடவில்லை. உன் அம்மா மட்டும் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள்.

அடுத்தது சீட்டு. இந்த ஊர் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தவக்காலத்தில் ஊர்கூடி, வீட்டு முத்திரை செதுக்கிய மரச்சில்லுகளைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த மீன்பிடி இடம் என்று எடுப்போம். ஆண் இல்லாத வீட்டுக்குச் சில்லு கிடையாது, மற்றவர்கள் பிடித்ததில் பங்கு கொடுப்பார்கள். அண்ணி கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனின் சில்லு என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டி, "இவனையும் போடுங்கப்பா. கருமூக்குல நம்ம எல்லாரையும் விட அதிகமா குடியிருக்கிறவன் இவன்தானே" என்றேன். தெரெந்தி, "உன் வாயில கொள்ளி வைக்க" என்று சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தொப்பியில் போட்டுவிட்டார். கருமூக்குக்கு என்று சொல்லிக் கையை விட்டார். வந்தது காக்கைக்கால், குறுக்கே ஒரு கீறல். உன் அப்பாவின் முத்திரை.

முப்பத்திரண்டு சில்லு மகளே. தொப்பியைத் தொட்டதும் நான் இல்லை, கையை விட்டதும் நான் இல்லை. நான் ஏதோ கைவேலை செய்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். செய்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

தொப்பியிலிருந்து வந்ததைத் திருப்பிப் போடக் கூடாது என்பது சட்டம். கருமூக்கு மறுபடியும் அவெர்க்கி வீட்டுக்கே. ஆண்கள் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். உன் அம்மா எழுந்து நான்கு பக்கமும் குனிந்து வணக்கம் சொன்னாள், புதுப்பெண் மாதிரி முகம் சிவந்து. கூண்டு தூக்க இரண்டு பேர் வேண்டும். கூட வர ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் படகின் அடுத்த முனையில் நான்.

மூன்றாவதைத்தான் எழுதக் கை வரவில்லை. ஜூனில் முதல் மீன் வந்ததும் குடிலில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள். மாவுக்குள் மீனை வைத்துச் சுட்ட ரொட்டி, வோத்கா, எல்லாம். சபை நடுவில் என்னைக் கேட்டாள், "தம்பி, ஒன்பதுக்கு ஒன்பது அனுப்பினாரு, நாப்பதுக்கு நாப்பது அனுப்பினாரு. வருஷம் திரும்புற அன்னிக்கு என்ன அனுப்புவாரு?" எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இரண்டு குவளை உள்ளே போயிருந்தது. எனக்குப் பயம் வந்தால் வேடிக்கைதான் வரும், வேறொன்றும் வராது. "வருஷத்துக்கா? அன்னிக்கு மீன் அனுப்ப மாட்டான் அண்ணி. அவனே படகு கட்டிக்கிட்டு உன்னைக் கூப்பிட வருவான். பெட்டியைக் கட்டி வை" என்றேன்.

நான் சிரித்தேன். தெரெந்தி சிரித்தார். உன் அம்மா தலையை ஆட்டினாள், ஏதோ அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை நான் சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி.

மறுநாள் பசுவை ஃபெதோஸ்யா வீட்டில் கட்டினாள். அடுத்த வாரம் சமோவாரை எனக்குக் கொண்டுவந்தாள். "நல்லா டீ குடி தம்பி, நீ பேசுற பேச்சுக்குத் தொண்டை காயாம இருக்கணுமே" என்று கேலி வேறு. என் அண்ணி கேலி செய்கிறாள்! சாகிற நாளுக்கென்று தைத்துப் பெட்டியில் வைத்திருந்த உடுப்பை எடுத்து வெயிலில் உலர்த்தியிருக்கிறாள். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, இடுப்புக் கயிறு. வீட்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்து மரம் வெளுத்துவிட்டது. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாள். பாட்டுப் பாடிக்கொண்டு துடுப்புப் போடுகிறாள். வருஷம் திரும்புவது செப்டம்பர் பதினான்கு. அன்றைக்கு அதிகாலையில் கருமூக்குக்கு என்னைத்தான் துடுப்புப் போடச் சொல்லியிருக்கிறாள். இங்கிருந்து போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது ஒருத்தர் என்பது அவள் கணக்கு. வெளிப்படையாகவே சொல்கிறாள்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி என்று காலில் விழுந்தேன். "நீ எப்பவும் விளையாட்டுக்குத்தான் சொல்ற. அதுதானே நடக்குது" என்றாள். பாதிரியார் பாவம் என்று சொல்லிப் பார்த்தார். "புருஷன் கூப்பிட்டா பொண்டாட்டி போறது பாவமா சாமி?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் வலை தூக்கும் முன்னால், "இன்னிக்கு எத்தனை?" என்று என்னைக் கேட்கிறாள். வேண்டுமென்றே ஐந்நூறு என்றேன். மூன்று வந்தது. பார்த்தாயா, நான் சொல்வது ஒன்றும் பலிக்காது என்றேன். "பொய் சொல்லணும்னு சொன்னா எப்படிப் பலிக்கும்? வாய்க்கு வந்ததைச் சொல்லு" என்கிறாள். இந்தப் பெண்பிள்ளையை எந்த வழியில் மடக்குவது?

நான் வரமாட்டேன் என்று சொன்னால் தனியாகப் போவாள். கையைக் கட்டி வைத்தால் எத்தனை நாளைக்கு? கடல் வாசலில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் அப்பா மூழ்கிய அன்றைக்குப் படகில் நானும் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அலை அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அலை அதிகம்தான். ஆனால் உன் அப்பா எத்தனை அலையைப் பார்த்தவன். கூண்டின் மூலைக்கயிறு நங்கூரக் கல்லில் மாட்டிக்கொண்டது. அவன் ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், "விழுறதா இருந்தா பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டு விழுடா, எனக்கு அளவு சரியா இருக்கும்." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, அவன் சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். பிடி விட்டுவிட்டது. பூட்ஸில் தண்ணீர் நிறைந்தது. நான் கயிறு வீசினேன், துடுப்பை நீட்டினேன். ஒரு தடவை தலை மேலே வந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

இதை அண்ணியிடம் சொன்னதில்லை. பாவமன்னிப்பிலும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். என்னை வெறுப்பதாக இருந்தால் வெறு, ஆனால் வந்து வெறு.

ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை வலை தூக்கும்போது மறுபடியும் என் வாய் திறந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, சத்தியம். அவள் பாடிக்கொண்டிருந்தாள், அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. "அவன் எங்க வர்றது! அவனுக்கு முன்னாடி உன் மக வந்து இறங்கப்போறா, இடுப்புல ஒரு குட்டி ரவுடியோட" என்றேன்.

பாட்டு நின்றது. கையில் இருந்த கயிறு தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியாமல், "எந்தக் கப்பல்ல?" என்று கேட்டாள். "மாதா பெருநாள் கப்பல்ல" என்றேன். அதுவும் வாய்க்கு வந்ததுதான். நேற்றுக் காலையில் ஃபெதோஸ்யா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பசுவை ஒரு மாசத்துக்கு மட்டும் திருப்பித் தர முடியுமா, கைப்பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஃபெதோஸ்யா அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள். வெள்ளைச் சட்டை இன்னும் பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது, உள்ளே போகவில்லை.

மகளே, நீ வரவேண்டும். மாதா பெருநாளான ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இங்கே வந்து நிற்கும் கப்பலில். அதற்கு முந்தின கப்பலிலும் வேண்டாம், பிந்தினதிலும் வேண்டாம். நான் சொன்ன நாளில் வந்தால்தான் அவள் நம்புவாள். கொந்த்ராத்தும் வரட்டும். வாசலை மிதிக்காதே என்று அவள் இனிச் சொல்லமாட்டாள், சொன்னால் என் வாசலை மிதியுங்கள். நான் எழுதிக் கூப்பிட்டேன் என்று மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. நீயாக வந்ததாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு.

வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதமாட்டேன். இனி அந்த மாதிரி எதையும் நான் வாயாலும் சொல்வதில்லை, பென்சிலாலும் எழுதுவதில்லை. நீ வருகிறாய் என்று மட்டும் சொல்கிறேன். கப்பல் பாறையைத் தாண்டித் திரும்பும்போது நீ மேல்தளத்தில் நிற்பாய், பிள்ளை உன் தலைமுண்டைப் பிடித்து இழுக்கும், உன் அம்மா முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நிற்பாள். சொல்லிவிட்டேன்.

கடவுளும் கடலும் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாற்றட்டும். பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது சுரம் வந்தால் பயப்படாதே.

தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் சித்தப்பா
நிக்கந்தர்