அறுபத்து நான்கு கிராம்

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது,

நான் உயிரோடு இருக்கிறேன், உன் மகள் ட்ரெஸ்ஸாவும் உயிரோடு இருக்கிறாள், அதை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன், இனி நீ உட்கார்ந்து படிக்கலாம். கடலோரத்தில் நீ சுகம்தானே, அந்த இருமல் விட்டதா. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் என்றால் நடுவில் நீ அழுவாய், நடுவில் நான் பொய் சொல்வேன். தாளில் அடித்து எழுதினாலும் அடித்தது தெரியும். இங்கே மார்ச் முடிந்தும் பனி ஜன்னலின் கீழ்விளிம்பு வரை நிற்கிறது, மாட்டுக் கொட்டகைக் கூரை பாரம் தாங்காமல் விழுந்து இரண்டு கன்றுகள் நசுங்கிவிட்டன, ஒன்று உடனே செத்தது, மற்றதை நானே சுட்டு முடித்தேன். எழுபத்து நான்கு வயதில் துப்பாக்கி நடுங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ போனில் சொன்னது நினைவிருக்கும். "அம்மா, எப்படியாவது அவள நிறுத்தும்மா, வண்டியக் கெடுத்தாவது நிறுத்து, ராய்ஸ அந்த மலைக்குக் குடுத்தது போதும்"னு சொன்னாய். உன் புருஷன் கருந்தாடை மலையில் பனிவண்டிக்கு அடியில் போய் நான்கு வருஷம் ஆகிறது, அந்த மலை ஏறும் பந்தயத்துக்கே மகளும் பெயர் கொடுத்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள், உன்னை நான் குறை சொல்லவில்லை. அவளிடம் பேசிப் பார்த்தேன். "பாட்டி, அப்பா விழுந்த இடத்தத் தாண்டி ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடறேன், அப்புறம் பின்னல் ஊசி குடு, காலுறை பின்றேன்"னு சிரித்தாள். உன் பிடிவாதமும் அவள் அப்பன் சிரிப்பும் சேர்ந்து ஒரே உடம்பில் வந்தால் யார் என்ன செய்வது.

நீ அங்கே போய்ப் பழகிவிட்டதால் மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், என்ஜினுக்கு மூச்சு குறையும். கிளட்சுக்குள் சுழலும் மூன்று எடைகளையும் அப்போது இலேசாக்க வேண்டும், இலேசாக இருந்தால்தான் என்ஜின் தன் முழுச் சுற்றுக்கு எழும்பும். தாழ்வான ஊருக்கு உரிய கனத்த எடையோடு மலைக்குப் போனால் கிழட்டுக் குதிரைமேல் வைக்கோல் கட்டை ஏற்றிய கதைதான், முக்கும், முன்னே போகாது. கருந்தாடைக்கு எடை ஒவ்வொன்றும் ஐம்பத்தாறு கிராம். வெள்ளிக்கிழமை அதையே போட்டு மேலே கொண்டுபோய் அவளை ஓட்டவிட்டேன், சுற்றுக் காட்டும் முள் எட்டாயிரத்து இருநூறில் ஆணி அடித்ததுபோல் நின்றது, ஒரு சுற்று கூடவில்லை குறையவில்லை. மெழுகுப் பென்சிலால் கிளட்ச் மூடியின் அடிப்புறத்தில் 56 என்று எழுதினேன். என் அப்பன் ஐந்தாம் வகுப்போடு என்னை இழுத்துவந்து வைக்கோல் வண்டியில் ஏற்றினான், ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது வருஷமாக நான் எழுதிய எண்ணை எவனும் கிளட்சைத் திறந்து சரிபார்த்ததில்லை. எழுதியபின் திறப்பது எழுதியவள் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பந்தய நாள், சனிக்கிழமை காலை, அவள் அடுப்படியில் அப்பம் தின்றுகொண்டிருந்தாள், நான் வண்டிக் கொட்டகைக்குப் போய் மூன்று ஐம்பத்தாறையும் கழற்றி, உன் அப்பாவின் பழைய டப்பாவிலிருந்து மூன்று அறுபத்து நான்கைப் போட்டேன். மூடியில் இருந்த எண்ணை அழிக்கவில்லை. என் கணக்கு இதுதான், சரிவு செங்குத்தாகும் முன்பே வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும், கீழே நிற்பவர்கள் சிரிப்பார்கள், அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள், அதோடு போயிற்று. கிளட்சைக் கணக்குப் போட்டேன், மார்லிஸ், பிள்ளையைக் கணக்குப் போடவில்லை. வண்டி முக்க ஆரம்பித்தபோது வேறு எவனும் கட்டைவிரலை வேக விசையிலிருந்து எடுத்திருப்பான், இவள் எடுக்கவில்லை. எழுந்து நின்று, உடம்பை முன்னால் எறிந்து, அந்தச் செத்த வண்டியை அடித்து அடித்து மேலே ஏற்றினாள். கீழே நின்ற எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது ஏழாயிரத்து முந்நூறுதான் சுற்றுகிறது என்று. "விடுடி, விட்டுட்டுத் திரும்புடி"ன்னு கத்தினேன், பக்கத்தில் நின்றவர்கள் நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துச் சேர்ந்து கத்தினார்கள். ராய்ஸ் விழுந்த அதே பாறைப் பல்லுக்குக் கீழே, கிளட்சில் ஓடும் ரப்பர் பெல்ட் பாரம் தாங்காமல் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம்போல் கேட்டது, மூடியைக் கிழித்துக்கொண்டு ரப்பர்த் துண்டுகள் பறந்தன, ஒன்று அவள் உதட்டைப் பிளந்தது. பெல்ட் இல்லாத வண்டிக்குப் பிடிமானம் ஏது, பின்னால் சறுக்கிப் புரண்டு அவள்மேல் ஒரு தடவை ஏறி, அவளோடு சேர்ந்து உருண்டு, இன்னொரு தடவை ஏறியது. கயிறு போட்டுப் பிடிக்க நிற்கும் ஆட்கள் இரண்டு பேரையும் அடித்துத் தள்ளிக்கொண்டு முந்நூறு அடி வந்தது. பனியில் சிவப்பாக ஒரு கோடு, அதை நான் சாகும்வரை பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

தோள்பட்டை எலும்பு, மூன்று விலா, உதட்டில் பதினொரு தையல். நுரையீரலில் குத்தவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் நான் எழுதவந்தது அது மட்டும் இல்லை. வண்டியைக் கீழே இழுத்துவந்ததும் ஹாய்ட் குனிந்து கிழிந்த மூடியைப் பார்த்தான், உனக்குத் தெரியுமே, பெட்ரோல் கடை ஹாய்ட், வருஷா வருஷம் பந்தயத்தில் நான் எண் எழுதிய வண்டிகளிடம் தோற்பவன். எண் அப்படியே இருந்தது. "கிளட்ச் சரியாத்தான் இருக்கு, ஆர்டிஸ் எழுதுனா எழுதுனதுதான். பொண்ணு பாதியிலே பயந்து விரலை எடுத்திருக்கா. அப்பனுக்குப் புள்ள தப்பாமத்தான் பொறந்திருக்கு"ன்னான். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். என் எண்ணை நம்பி என் பேத்தியைக் கோழை என்றார்கள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. கையில் இருந்த ஸ்பானரால் அவன் வாயில் அடித்தேன். இரண்டு பல் போயிற்று. இரத்தத்தோடு அவன் "கெழவிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுடா, யாராவது புடிங்கடா"ன்னு அலறினான். அடித்ததற்கு வருந்தவில்லை, ஆனால் அந்த அடி எனக்கு விழ வேண்டியது என்று அப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தாள். எல்க் மான் கறி சூடு பண்ணி வைத்திருந்தேன், தொடவில்லை, நேரே கொட்டகைக்குப் போனாள். ஒரு கையாலேயே கிளட்சைத் திறந்திருக்கிறாள். எடைகளோடு அடுப்படிக்குத் திரும்பி வந்து, மாவு நிறுக்கும் தராசை மேசையில் வைத்து என் கண் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு. தையல் போட்ட வாயால் "இது என்ன பாட்டி"ன்னு கேட்டாள். "உங்கம்மாதான் நிறுத்தச் சொன்னா"ன்னு உன் பெயரை முன்னால் போட்டேன், அந்தக் கேவலத்தையும் எழுதிவிடுகிறேன். தராசோடு எல்லாவற்றையும் ஜன்னலில் எறிந்தாள், கண்ணாடி நொறுங்கி அடுப்படி முழுக்கப் பனிக்காற்று. பிறகு என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து அறைந்தாள், இடக் கையால்தான், ஆனால் காது இன்னும் இரைகிறது. அறை வலிக்கவில்லை. அப்புறம் கேட்டாள், "அப்பா வண்டியிலயும் நீதானே எண்ணு எழுதுன, அதுல என்ன போட்டிருந்த?"

மார்லிஸ், ராய்ஸ் வண்டியில் ஐம்பத்தாறுதான் இருந்தது. கர்த்தர் மேல் ஆணை. அவன் செத்தது மேலே பனி உடைந்து விழுந்து வண்டியை அவன்மேல் புரட்டியதால். ஆனால் அதை நான் சொன்னபோது அவள் என் முகத்தை நம்பாமல் பார்த்தாள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. ஒரு பொய் எண் எழுதினேன், நாற்பது வருஷத்து உண்மை எண்களும் அதோடு போய்விட்டன. நீயும் இதைப் படித்துவிட்டு அதையேதான் கேட்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ட்ரெஸ்ஸா விரலை எடுக்கவில்லை, கனத்த எடையைப் போட்டது நான், எழுதியது பொய் என்று. எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஹாய்ட் மட்டும் பல் போன வாயோடு "அறுபத்து நாலோடயா அந்தப் பாறை வரைக்கும் ஏத்துனா?"ன்னு கேட்டான். ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான், "நானா இருந்தா பாதி தூரம்கூட ஏத்தியிருக்க மாட்டேன் தாயி"ன்னான். அவள் "பல்லு எப்படி இருக்கு மாமா?"ன்னு கேட்டாள், தையலோடு சிரிக்க முடியாமல் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பெருமைப்பட உரிமை இல்லாத இடத்தில் நின்று பெருமைப்பட்டேன்.

இப்போது ஊரில் என் எண்ணை எல்லோரும் திறந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நேற்று ட்ரெஸ்ஸாவே கொட்டகைக்குக் கூப்பிட்டாள். "ஐம்பத்தாறப் போடு. நான் நிறுத்துப் பாத்துக் குடுப்பேன், நீ போடு"ன்னாள். போட்டேன். புது மூடியில் எண்ணை அவள் எழுதினாள், பென்சிலைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எலும்பு கூடியதும் அடுத்த மார்ச்சில் ஏறுவாள். நீ வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் அவளிடமே சொல், அவள் முகத்தைப் பார்த்துச் சொல், இனி என் கை வழியாகச் சொல்லாதே. கேட்கிற கை இது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், மீனை நன்றாக வேகவைத்துத் தின், இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் போதும். கர்த்தர் உன்னையும் உன் கோபத்தையும் காக்கட்டும், கோபம் உனக்கு வேண்டியிருக்கும். கடைசியாக ஒன்று மறக்காதே. இந்தக் கடிதத்தோடு பொட்டலத்தில் மூன்று இரும்புத் துண்டுகள் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பனியைத் தோண்டித் தேடி எடுத்தேன். பாதி உன் வார்த்தை, பாதி என் கை. அவை கெட்டிக் காற்றுக்கு உரியவை, உன் ஊருக்குத்தான் சரி. அங்கேயே வைத்துக்கொள். அடுத்த மார்ச்சில் வரும்போது கொண்டுவராதே, நீ மட்டும் வா.

உன் அம்மா,
ஆர்டிஸ்