வாதி இல்லாத வழக்கு

தங்கச்சி,

இன்று காலை விருதுநகர் கோர்ட்டில் டவாலி உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது அவருக்குத் தெரியாது. வராந்தாவில் நின்றவர்கள் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பவில்லை. அவர் கையில் மனு தயாராக இருந்தது. வாதி இறந்துவிட்டார், தன் மேல் பொய் வழக்குப் போட்டதற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அவருடைய சொந்த உரிமை, ஆகவே வழக்கும் அவரோடு முடிந்தது. படித்துவிட்டு உட்கார்ந்தபோது அவர் முகத்தில் துளிச் சங்கடம் இல்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் நீ வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் ஓர் அறை வெடித்துச் சிதறியதும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்ததையும், நாலு பேருக்கான அறையில் சீசன் ஆர்டருக்காக அதைவிட இரண்டு மடங்கு ஆட்களை உட்காரவைத்ததையும் சொன்னவள் நீ ஒருத்திதான். என் பத்திரிகையில் உன் பெயரை மறைத்து எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரில்லாமப் போட்டா பொரளின்னு சொல்லிருவாக அண்ணாச்சி. எம் பேரையே போடுங்க."

போட்டேன். அந்த ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குப் போய்விட்டு மகளோடு திரும்பிய உன்னை, பொழுது சாய்ந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் வைத்தே ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறோம் என்றுகூட உன் மகளிடம் சொல்லவில்லை. மதியம் வீட்டில் கள்ளத்தனமாகப் பட்டாசுக் கருந்திரி சுற்றிக்கொண்டிருந்தபோது பிடித்ததாக எழுதிக்கொண்டார்கள். எழுதிய இன்ஸ்பெக்டர் வெளி மாவட்டத்துக்காரர். நம் பக்கத்து ஆளாக இருந்தால் அந்த நாளைத் தொட்டிருக்க மாட்டார். கடைசி வெள்ளியன்று ஊரில் ஆளும் இருக்காது, ஸ்டேஷனில் போலீசும் இருக்காது. எல்லாரும் கோயில் ஆற்றுமணலில்தான் நிற்பார்கள்.

வழக்கு அங்கேதான் உடைந்தது. பறிமுதல் சாட்சியான ஏட்டு, உன் வீட்டு வாசல் முதல் திரிக்கட்டின் நிறம் வரை கூசாமல் பொய் சொன்னார். நம் வக்கீல் கடைசியாக, அன்றைக்கு எங்கே டூட்டி என்று கேட்டார். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ஆத்தா சன்னதி வாசல்ல. காலையில இருந்து."

கோர்ட்டே சிரித்தது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் அவர் ஒதுங்கவில்லை. ஆத்தா வாசலில் நின்றுவிட்டு நிற்கவில்லை என்று எப்படிச் சொல்ல என்று என்னிடமே கேட்டார். அதை உன்னிடம் சொன்னபோது நீயும் சிரித்தாய். "பரவாயில்லையே, பொய்க்கும் ஒரு எல்லை வச்சிருக்காரே ஏட்டையா."

விடுதலை ஆனதும், இதோடு விடு என்று ஊரே சொன்னது. பொய் வழக்குக்கும் பறிபோன உரிமைக்கும் சேர்த்து இன்ஸ்பெக்டர் மீதும் கம்பெனி முதலாளி மீதும் நீ சிவில் வழக்குப் போட்டாய். விட்டுவிட்டார்கள் என்பது வேறு, செய்தது தப்பு என்று சொல்வது வேறு என்றாய். அந்த ஒரு சொல்லைத்தான் கோர்ட் சொல்ல அவர்கள் விடவில்லை. முதலாளிக்கு உடம்பு சரியில்லை. அதிகாரிக்கு வேறு டூட்டி. வக்கீலுக்கு வெளியூர். வாய்தா மேல் வாய்தா வாங்கி, உன் மூச்சு நிற்கும்வரை இழுத்தடித்தார்கள். இப்போது நீ போய்விட்டதையே வாதமாக எடுத்துவைக்கிறார்கள்.

இன்று உன் மகள் எழுந்து நின்றாள். இவருக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வக்கீல் கேட்டார்.

"ஜீப்புல எங்கம்மாவ ஏத்தும்போது சேலையப் பிடிச்சு இழுத்தவ நான் சார். இன்னைக்கும் ஊருக்குள்ள கள்ளத்திரிக்காரி மவளுன்னுதான் சொல்றாக. எங்கம்மாவோட அது முடியலையே."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார். வழக்கு இங்கே அற்றுப்போனாலும், அரசியல் சாசன உரிமை மீறலுக்காக அவளே மனுதாரராக ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகலாம் என்கிறார் நம் வக்கீல். அங்கேயும் இழுத்தடிப்பார்கள். அவளுக்கு வயது இருக்கிறது.

வெளியே வரும்போது அந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். இப்போது டி.எஸ்.பி. வணக்கம் வைத்தார். நான் வைக்கவில்லை.

உன்னைக் கைது செய்த மறுநாள் விளக்கம் கேட்டு நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அறையில் அவரும் நானும் மட்டும். அன்று அவர் சொன்னதை உன் வழக்கில் சாட்சி சொல்லக் காத்திருந்தேன். என் முறை வருமுன் நீ போய்விட்டாய். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேச்சை மறந்திருக்கிறேன். இது மட்டும் சொல் மாறாமல் இருக்கிறது. உன் மகளின் மனுவோடு சேர்க்க, பிரமாணப் பத்திரத்தில் இன்று மதியம் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

"உங்க பேப்பர்ல பேர் வரணும்னு ஆசைப்பட்டாள்ல. எங்க பேப்பர்லயும் வரட்டும்."